கெட்ட செய்தி மேலே செல்லும் பாதை

படைத்துறை விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியதாகச் செய்தி வரும்போது, விமானி என்ன தவறு செய்தார் என்றோ, எந்திரத்தின் எந்தப் பாகம் பழுதானது என்றோ கேட்பதே பெரும்பாலோரின் இயல்பு. இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆயினும் இத்தகைய விபத்துகளை ஆழமாக ஆராய்ந்த விசாரணைகள் பலவும் அவ்விரண்டோடு நிற்காமல் மூன்றாவது கேள்வி ஒன்றுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன: அந்தப் பழுதோ தவறோ நேரக்கூடும் என்பது யாருக்காவது முன்பே தெரிந்திருந்ததா, தெரிந்தவர் அதைச் சொன்னாரா, சொன்னார் எனில் அந்தச் சொல் எந்த மேசைவரை போய் நின்றுவிட்டது? இதற்கான விடை இடிபாடுகளுக்கிடையே கிடைப்பதில்லை; பல ஆண்டுகளுக்கு முந்தைய கோப்புகளிலும் கூட்டக் குறிப்புகளிலும் செலவுக் கணக்குகளிலும்தான் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஓர் அமைப்பின் பண்பாடு என்று இத்துறை அறிஞர்கள் குறிப்பிடுவது, அதன் விதிப் புத்தகத்தில் எழுதியிருப்பதை அன்று. எதைச் செய்தால் பாராட்டு கிடைக்கிறது, எதைச் சொன்னால் மேலதிகாரியின் முகம் சுருங்குகிறது, யாருக்குப் பதவி உயர்வு வருகிறது என்பவற்றைப் பார்த்துப் பார்த்து, அங்கே பணிபுரிவோர் தாமாகவே கற்றுக்கொள்ளும் நடைமுறை அறிவையே அது குறிக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ரான் வெஸ்ட்ரம், கெட்ட செய்தி கொண்டுவருபவரை எப்படி நடத்துகின்றன என்பதைக் கொண்டே அமைப்புகளை மூவகையாகப் பிரித்தார்: முதல் வகை அவரைத் தண்டிக்கிறது, இரண்டாம் வகை அவர் சொல்வதை ஒரு கோப்பில் சேர்த்துவிட்டு மறந்துவிடுகிறது, மூன்றாம் வகை அவரைத் தேடிச் சென்று கேட்கிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதனோடு இன்னொரு கருத்தைச் சேர்த்தார். வடிவமைப்பிலும் நிர்வாக முடிவுகளிலும் புகுந்துவிட்ட குறைகள் பல ஆண்டுகள் எந்தத் தீங்கும் காட்டாமல் உறங்கிக் கிடக்கின்றன என்றும், வேறு சில சிறு தவறுகள் அவற்றோடு ஒரே நாளில் வந்து கூடும்போதுதான் பேரழிவு நேர்கிறது என்றும் அவர் விளக்கினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விபத்துத் தடுப்பு என்பது, உறங்கும் குறையை முதலில் கண்ட மனிதரின் குரல் முடிவெடுக்கும் மனிதரின் காதுக்குப் போய்ச் சேரும் வழியைத் திறந்து வைத்திருப்பதே என்றாகிறது.

படைத்துறையில் அந்த வழி அடைபடுவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. கட்டளைக்குக் கீழ்ப்படிதல், இருப்பதைக் கொண்டு காரியத்தை முடித்தல், ஆபத்துக்கு அஞ்சாமை ஆகிய மூன்றும் படைவீரரின் சிறப்புகள். அவை இல்லாமல் போர் நடத்த இயலாது. அதே மூன்றும், பராமரிப்புக் கொட்டகையிலும் தலைமையகத்தின் நிதிப் பிரிவிலும் செயல்படும்போது, கசியும் குழாயைப் பற்றி இரண்டாம் முறை புகார் எழுதத் தயங்குபவரையும், போதிய ஆளில்லை என்று சொல்ல வெட்கப்படுபவரையும் உருவாக்குகின்றன. எதிரியிடமிருந்து வரும் ஆபத்தை ஏற்பது வீரம் என்பதால், தன் அமைப்பே உண்டாக்கிய ஆபத்தையும் அதே மனநிலையில் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறியதன் விலையை, பிரிட்டிஷ் விமானப்படையின் நிம்ராட் விமான விபத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறொன்று அரிது.

2006ஆம் ஆண்டு செப்டம்பர் 2 அன்று ஆப்கானிஸ்தானின் கந்தஹார் அருகே, எக்ஸ்வி 230 என்ற பதிவெண் கொண்ட நிம்ராட் கண்காணிப்பு விமானம் நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்ட ஓரிரு நிமிடங்களில், குண்டு வைக்கும் அடிப்பகுதியில் தீ எச்சரிக்கை ஒலித்தது. குழுவினர் உடனே அபாய அழைப்பு விடுத்து, பயிற்சியில் கற்ற ஒவ்வொரு நடவடிக்கையையும் நிதானமாகச் செய்தபடி கந்தஹார் விமானதளத்தை நோக்கித் திரும்பினர். தீ முதலில் பற்றியதோ அதற்கு வெளியே வேறோர் அறையில்; அதற்குள் அவர்களால் போக முடியாது. அந்த அறையில் தீயை உணரும் கருவியோ அணைக்கும் கருவியோ பொருத்தப்படவே இல்லை. முதல் எச்சரிக்கையிலிருந்து ஏறத்தாழ ஆறு நிமிடங்களில் விமானம் வெடித்துச் சிதறியது. அதிலிருந்த 14 பேரும் இறந்தனர். ஃபாக்லாந்து போருக்குப் பின் பிரிட்டிஷ் படைகள் ஒரே நிகழ்வில் இழந்த உயிர்களில் இதுவே மிகப் பெரிய எண்ணிக்கை.

குழுவினர் செய்ததில் எந்தக் குறையும் இல்லை என்று பின்னர் நடந்த விசாரணைகள் உறுதி செய்தன. தீ பற்றியதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள அந்த விமானத்தின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இங்கே எந்திரத்தின் வரலாறும் அமைப்பின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நிம்ராட், உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டின் உடலமைப்பிலிருந்து உருவாக்கப்பட்டு, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் பணிக்காக 1969இல் சேவைக்கு வந்தது. அதன் நான்கு எந்திரங்களில் சிலவற்றைக் கடற்பரப்பின்மேல் சுற்றும்போது எரிபொருளை மிச்சப்படுத்த நிறுத்திவைப்பார்கள். நிறுத்திய எந்திரத்தை மீண்டும் இயக்குவதற்கு, ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்திலிருந்து அழுத்தப்பட்ட சூடான காற்றைக் குழாய் வழியே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குக் கொண்டுசெல்வார்கள். அந்தக் குழாய், இறக்கை உடலோடு சேரும் இடத்தில், எரிபொருள் தொட்டியை ஒட்டிய சிறிய அறை ஒன்றின் வழியாகச் சென்றது. உலர் அறை என்பது அதன் பெயர். எரிபொருள் அங்கே இருக்கக் கூடாது என்பதால் அப்படி அழைக்கப்பட்டது. ஆனால் எரிபொருள் குழாய்களின் இணைப்புகளும் அதே அறைக்குள்தான் இருந்தன.

இது முதல் குறை. 1979இல், விமானத்தினுள் பெருகிவிட்ட மின்னணுக் கருவிகளைக் குளிர்விப்பதற்காக வால் பகுதியில் கூடுதல் குளிரூட்டும் அமைப்பு ஒன்று சேர்க்கப்பட்டபோது, அதற்குத் தேவையான காற்றையும் அதே குழாயிலிருந்து எடுத்தார்கள். அதுவரை எந்திரத்தை இயக்கும் சில நொடிகளுக்கு மட்டும் சூடேறிய குழாய், அதன் பின் பறக்கும் நேரத்தின் பெரும்பகுதியும் எரிபொருளைப் பற்றவைக்கக்கூடிய வெப்பத்திலேயே இருந்தது. மூன்றாவதாக, 1982இல் ஃபாக்லாந்து போரின் அவசரத்தில் நடுவானில் எரிபொருள் பெறும் வசதி பொருத்தப்பட்டு, 1989இல் அது நிரந்தர அமைப்பாக்கப்பட்டது. நிரப்பும்போது தொட்டி வழிந்தால், அதன் வெளியேற்றத் துளையிலிருந்து தப்பிய எரிபொருள் விமானத்தின் உடலை ஒட்டி ஓடி உலர் அறைக்குள் புகுந்து, வெப்பக்காப்பு உறையில் இடைவெளி இருந்த குழாயைத் தொட வழி உண்டாயிற்று. மூன்று மாற்றங்களையும் செய்தவர்கள் தத்தம் காலத்தில் தத்தம் தேவையைத் திறமையாகவே நிறைவேற்றினார்கள் எனலாம். மூன்றையும் சேர்த்து ஒரே அறைக்குள் வைத்துப் பார்க்கும் கடமை மட்டும் யாருக்கும் இல்லாமல் போனது. நீர்மூழ்கிகளைத் தேடப் பிறந்த விமானம், கடலே இல்லாத ஒரு நாட்டின்மேல் தரைப்படைக்குக் கண்ணாகப் பறந்துகொண்டிருந்த நாளில் அந்த மூன்றும் கூடின.

அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதற்கென்றே ஒரு வாய்ப்பு வந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் நெஞ்சை அதிகம் உறுத்தும் பகுதி. ஒரு விமான வகை பறப்பதற்குப் போதிய அளவு பாதுகாப்பானது என்பதை, அதில் நேரக்கூடிய ஆபத்துகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றும் எவ்வாறு கட்டுப்படுத்தப்பட்டுள்ளது என்று சான்றுகளோடு வாதிட்டுக் காட்டும் ஆவணத்தைப் பாதுகாப்பு நிறுவல் ஆவணம் எனலாம். நிம்ராடுக்கான அந்த ஆவணம் 2001க்கும் 2005க்கும் இடையே தயாரானது. விமான நிறுவனமான பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் அதை எழுதியது. கினெட்டிக் என்ற நிறுவனம் சுதந்திர ஆலோசகராக இருந்து சரிபார்க்க வேண்டும். பாதுகாப்பு அமைச்சகத்தின் நிம்ராட் திட்டக் குழு அதைப் பெற்று ஏற்க வேண்டும். மூன்று அமைப்புகள், மூன்று பூட்டுகள். மூத்த வழக்கறிஞர் சார்லஸ் ஹாடன்-கேவ் பின்னர் நடத்திய ஆய்வில் மூன்று பூட்டுகளும் திறந்தே கிடந்தது தெரியவந்தது. ஆபத்துகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு தீர்வு காணப்படாமல் திறந்த நிலையிலும், 30 விழுக்காடு வகைப்படுத்தப்படாமலும் விடப்பட்டிருக்க, பணி முடிந்ததாகவே அந்த ஆவணம் ஒப்படைக்கப்பட்டது. 2004 ஆகஸ்ட் இறுதியில் நடந்த ஒப்படைப்புக் கூட்டத்தில் இந்த இடைவெளி எடுத்துச் சொல்லப்படவில்லை. சரிபார்க்க வேண்டியவர்கள் அறிக்கைகளை முறையாகப் படிக்காமலே தலையசைத்தார்கள். ஏற்க வேண்டிய குழு அப்பணியை ஒப்பீட்டளவில் இளநிலையிலிருந்த ஒருவரிடம் விட்டுவிட்டுப் போதிய மேற்பார்வை செய்யவில்லை. உலர் அறையில் எரிபொருளும் வெப்பக் குழாயும் அருகருகே இருப்பதும் அந்தப் பட்டியலில் ஓர் ஆபத்தாக இடம்பெற்றே இருந்தது. நேர்வதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று கருதி, பொறுத்துக்கொள்ளத்தக்கது என்ற வகையில் அதை முடித்துவைத்தார்கள்.

இவர்கள் தீயவர்கள் அல்லர். நிம்ராட் 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பறந்துவிட்டது, ஆகவே அது பாதுகாப்பானதுதான் என்ற நம்பிக்கை எல்லார் மனத்திலும் முன்கூட்டியே குடியேறியிருந்ததால், ஆபத்தைத் தேடுவதற்காக உருவான வேலை, ஏற்கெனவே தெரிந்த விடைக்குக் காகிதம் சேர்க்கும் வேலையாகிவிட்டது என்று ஹாடன்-கேவ் காட்டினார். விபத்து நேராத ஆண்டுகளைப் பாதுகாப்பின் சான்றாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பிழையே நாசாவின் சேலஞ்சர், கொலம்பியா விண்ணோடங்களையும் அழித்தது. சேலஞ்சர் பற்றி விரிவாக ஆராய்ந்த டயான் வான் என்ற சமூகவியலாளர், விதியிலிருந்து சிறிது விலகியும் தீங்கு நேராதபோது அந்த விலகலே புதிய விதியாகிவிடுவதை விளக்கினார். நிம்ராடிலும் எரிபொருள் கசிவுகள் நேர்ந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனி நிகழ்வாகச் சரிசெய்யப்பட்டு மறக்கப்பட்டது. 2004 நவம்பரில் எக்ஸ்வி 227 என்ற மற்றொரு நிம்ராடில் அதே வெப்பக் காற்றுக் குழாய் அமைப்பில் ஒரு பகுதி வெடித்துத் திறந்து, பக்கத்திலிருந்த பாகங்களைச் சுட்டுப் பொசுக்கியது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியதால், அதுவும் ஓர் எச்சரிக்கையாக எண்ணப்படாமல், பழுதுபார்த்து முடித்த ஒரு பழுதாகவே பதிவாயிற்று.

இந்த அசட்டைக்குப் பின்னால் இருந்த சூழலையும் ஆய்வு விடாமல் தொடர்ந்து சென்றது. 1998இல் பிரிட்டிஷ் அரசு நடத்திய படைத்துறை மறுஆய்வுக்குப் பின், முப்படைகளின் தளவாடப் பிரிவுகள் ஒன்றாக இணைக்கப்பட்டு, ஐந்தாண்டுகளில் செலவை 20 விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற இலக்கு விதிக்கப்பட்டது. சீரமைப்பின் மேல் சீரமைப்பாக வந்த அந்த ஆண்டுகளில், விமானத்தின் பறப்புத் தகுதிக்கு இன்னார் பொறுப்பு என்று விரல் நீட்டிக் காட்டக்கூடிய பழைய பதவிகள் கரைந்து, பொறுப்பு பல குழுக்களுக்குள் சிதறியது. 1990களில் மேலே வர விரும்பிய பொறியாளர் பறப்புத் தகுதியில் தேர்ந்தவராக இருக்க வேண்டியிருந்தது, 2004 வாக்கில் அதே இடத்திற்கு வரவுசெலவில் தேர்ந்தவராக இருக்க வேண்டியதாயிற்று என்னும் பொருளில் முன்னாள் மூத்த அதிகாரி ஒருவர் சாட்சியம் அளித்தார். அமைப்பின் பண்பாடு திசைமாறியதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. அந்தப் பத்தாண்டில் யாரும் பாதுகாப்பைக் குறையுங்கள் என்று உத்தரவிடவில்லை. வேறொன்றை அளந்து, அந்த வேறொன்றுக்கு வெகுமதி தந்தார்கள், அதுவே போதுமாக இருந்தது. இதற்கிடையே நிம்ராடுக்கு மாற்றாக வரவேண்டிய புதிய விமானம் ஆண்டுக்கணக்கில் தாமதமாகிக்கொண்டே போனதால், ஓய்வுபெறப் போகிற விமானத்திற்கு ஏன் பணம் செலவிட வேண்டும் என்ற எண்ணமும் நீண்டுகொண்டே போனது.

2009 அக்டோபர் 28 அன்று வெளியான அந்த அறிக்கை, தலைமை, பண்பாடு, முன்னுரிமைகள் ஆகிய மூன்றின் தோல்வி என்று தன் தலைப்பிலேயே அறிவித்தது. நிறுவனங்களை மட்டுமன்றி, தனிமனிதர்கள் பத்துப் பேரையும் பெயர் குறிப்பிட்டுக் கண்டித்தது. அமைப்பின் பண்பாடே காரணம் என்று சொல்லிவிட்டால் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்ற வசதியான முடிவுக்கு அது இடம் கொடுக்காதது அதன் பெரும் பலம். பண்பாடு ஆகாயத்திலிருந்து இறங்குவதில்லை. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட மனிதர்கள் எடுக்கும் முடிவுகளால்தான் உருவாகிறது.

நிம்ராடில் ஆபத்தை யாரும் உரக்கச் சொல்லவில்லை. உரக்கச் சொல்லியும் எதுவும் நடக்காத நிகழ்வு ஒன்று அமெரிக்க விமானப்படையில் உண்டு. 1994 ஜூன் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஃபேர்சைல்ட் விமானதளத்தில், வான்காட்சி ஒன்றுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த பி-52 குண்டுவீச்சு விமானம், கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சுற்றிச் சில நூறு அடி உயரத்தில் மிகக் குறுகலாகத் திரும்பியபோது, ஒரு பக்கமாகச் செங்குத்துக்கும் மேலாகச் சரிந்து தரையில் மோதியது. அதிலிருந்த நான்கு அதிகாரிகளும் இறந்தனர். விமானத்தை ஓட்டியவர் மிகுந்த அனுபவசாலி. அந்தத் தளத்தில் மற்ற விமானிகள் விதிப்படி பறக்கிறார்களா என்று சோதிக்கும் பிரிவின் தலைவர். அவரே 1991 முதல் வான்காட்சிகளிலும் பயிற்சிகளிலும் விமானத்தின் வரம்புகளைப் பலமுறை மீறியது ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நடந்தது, ஒளிப்படக் கருவிகளிலும் பதிவானது. இளம் விமானிகள் சிலர் அவரோடு பறக்க மறுத்தார்கள். ஸ்குவாட்ரன் தளபதி ஒருவர் அவரைப் பறக்கவிடக் கூடாது என்று மேலிடத்தில் கேட்டு, அது மறுக்கப்பட்டதால், தாம் உடன் இல்லாமல் தம் வீரர்கள் எவரும் அவரோடு பறக்கக் கூடாது என்று முடிவு செய்தார். விபத்தன்று துணை விமானியின் இருக்கையில் இருந்தவர் அந்தத் தளபதிதான். அவருடைய குடும்பத்தினர் தரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே கெட்ட செய்தி மேலே போகாமல் இல்லை. போன செய்தி எழுத்தில் பதியவில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் தளத்தின் தலைமை அதிகாரிகள் அடிக்கடி மாறினார்கள். ஒவ்வொருவரும் அந்த விமானியைத் தனியே அழைத்து வாயளவில் எச்சரித்து அனுப்பினார்கள். அடுத்து வந்தவருக்கு முந்தைய எச்சரிக்கையைக் காட்டும் ஒரு காகிதம்கூட இருக்கவில்லை, ஆகவே ஒவ்வொரு மீறலும் முதல் மீறலாகவே கருதப்பட்டது. திறமைசாலி, பழுத்த அனுபவம் உள்ளவர் என்ற மதிப்பு, கண்ணால் கண்டதையும் நம்பாதபடி செய்துவிட்டது. விதியை மீறுபவர் அமைப்பின் செல்லப்பிள்ளையாக இருக்கும்போது, விதியைப் பின்பற்றும் இளையவர்கள் கற்றுக்கொள்ளும் பாடம் எதுவாக இருக்கும் என்பதை அந்தத் தளத்தில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தளத்தின் தலைமைக்கும் மேலே, அரசின் மட்டத்தில் உறையும் தாமதங்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இந்திய விமானப்படையில் 1960களில் சேர்ந்த மிக்-21 போர்விமானம், மிக வேகமாகத் தரையிறங்குவது, பிழையைப் பொறுக்காதது. கிரண் போன்ற மெதுவான பயிற்சி விமானங்களில் கற்ற இளைஞர்கள் இடைநிலைப் பயிற்சி விமானம் எதுவும் இல்லாமல் அதற்குத் தாவ வேண்டியிருந்தது. உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் ஒன்று வேண்டும் என்று விமானப்படை அதிகாரி லா ஃபோன்டெய்ன் தலைமையிலான குழு 1982இலேயே பரிந்துரைத்தது. விபத்துகளை ஆராய 1997இல் அமைக்கப்பட்ட குழுவுக்கு ராமேசுவரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் தலைமை வகித்தார். அந்தக் குழுவும் இதே தேவையை வலியுறுத்தியது. பிரிட்டனின் ஹாக் பயிற்சி விமானத்திற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 2004இல், அது படையில் சேர்ந்தது 2008இல். இடைப்பட்ட ஆண்டுகளில் விழுந்த ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனிக் காரணம் இருக்கலாம். ஆயினும் விமானியின் பிழை என்று முடித்துவைத்த விசாரணைகளை மறுபடி படிக்கும் எவரும், அந்த இளைஞருக்கு அப்பயிற்சியைத் தர மறுத்த கால் நூற்றாண்டையும் அருகில் வைத்தே படிக்க வேண்டும்.

பண்பாட்டை மாற்ற முடியுமா என்ற ஐயத்துக்கு அமெரிக்கக் கடற்படையின் வரலாறு ஓரளவு விடை தருகிறது. 1954ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கக் கடற்படையும் கடற்படைக் காலாட்படையும் 776 விமானங்களையும் 535 உயிர்களையும் விபத்துகளில் இழந்தன. 1990களின் நடுவில் ஆண்டுக்கு அழிந்த விமானங்கள் 40 என்ற அளவுக்கு இறங்கின. விமானங்களின் எண்ணிக்கையும் இடையே குறைந்தது உண்மையே, எனினும் பறந்த மணிக்கணக்கோடு ஒப்பிட்டாலும் வீழ்ச்சி வியக்கத்தக்கதுதான். கோணத்தில் அமைந்த ஓடுதளம் போன்ற பொறியியல் மாற்றங்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நிகழ்ந்த மாற்றங்களில் பல, எந்திரத்தைச் சேர்ந்தவை அல்ல: 1955இல் தொடங்கிய அப்ரோச் என்ற பாதுகாப்பு இதழும், பெயர் சொல்லாமல் தன் தவறைப் பிறர் அறிய எழுதி அனுப்பும் படிவங்களும் விமானிகளின் கைக்கு வந்தன, பறப்பு முறைகளைத் தரப்படுத்திய விதிநூல் 1961இல் வந்தது. ஒவ்வொரு விமானியும் தனக்கென ஒரு பாணி வைத்திருந்த காலம் அதோடு முடிந்தது. அந்த விதிநூலைத் திருத்த வேண்டும் என்று எந்த விமானியும் எழுதி அனுப்பலாம் என்ற ஏற்பாடே, அது மேலிருந்து திணித்த விதியாகத் தோன்றாமல் காத்தது.

விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் இதன் விளைவைக் கண்ணால் காணலாம். ஜெட் எந்திரம் ஒரு சிறு திருகாணியை உறிஞ்சினாலும் சிதையும் என்பதால், பறப்பு தொடங்கும் முன் அதிகாரிகளும் மாலுமிகளும் தோளோடு தோள் சேர்ந்து ஒரே வரிசையாக, தலை குனிந்து, தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, கம்பித்துண்டு, கல், திருகாணி எதுவாயினும் பொறுக்கி எடுக்கிறார்கள். பராமரிப்பாளரின் கருவிப் பெட்டிக்குள் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே குழி வெட்டப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் ஒரு குழி காலியாக இருந்தால், அந்த விமானம் பறக்காது. கார்ல் வின்சன் என்ற கப்பலில் நடந்ததாக இத்துறை ஆய்வாளர்கள் குறிப்பிடும் நிகழ்வு ஒன்றில், கடைநிலை மாலுமி ஒருவர் தம் கருவி ஒன்று தளத்தில் எங்கோ தொலைந்துவிட்டது என்று தாமே வந்து சொன்னார். வானிலிருந்த விமானங்கள் அனைத்தும் கரையிலுள்ள தளங்களுக்குத் திருப்பிவிடப்பட்டு, கருவி கிடைக்கும்வரை தளம் முழுவதும் தேடப்பட்டது. மறுநாள் எல்லாரையும் தளத்தில் கூட்டி, அந்த மாலுமியைப் பாராட்டினார்கள். அன்றைய பயிற்சி கெட்டது, செலவு மிகுந்தது. ஆனால் அன்று அங்கே நின்ற ஒவ்வொரு மாலுமிக்கும், தொலைத்ததை மறைப்பதா சொல்வதா என்ற கேள்வி அதன்பின் எழுந்திருக்காது.

தொலைத்தவரைப் பாராட்டியது, தவறு செய்தவரை எப்போதும் மன்னிக்க வேண்டும் என்று பொருள்படாது. ரீசன் விளக்கிய நேர்மைப் பண்பாடு என்ற கருத்து, எவரும் செய்யக்கூடிய தவறையும் தெரிந்தே செய்யும் மீறலையும் பிரித்துப் பார்க்கிறது: முன்னதைச் சொன்னவரைக் காக்க வேண்டும், பின்னதைச் செய்தவரைத் தடுக்க வேண்டும். கார்ல் வின்சனின் மாலுமிக்கும் ஃபேர்சைல்டின் விமானிக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தும் அமைப்பு இருவரிடமும் தோற்றுப்போகும். அமெரிக்க விமானப்படை பெரிய விபத்துகளில் இரண்டு தனி விசாரணைகளை நடத்துவதும் இதற்காகவே. முதலாவதில், காரணம் அறிவது ஒன்றே நோக்கம் என்பதால், சாட்சி சொல்பவரின் வாக்குமூலம் அவருக்கு எதிரான தண்டனைக்குப் பயன்படாது என்ற உறுதி தரப்படுகிறது; இரண்டாவது, சட்டத்துக்கும் பொதுமக்களுக்கும் பதில் சொல்வதற்காகத் தனியே நடக்கிறது. ஒரே விசாரணையில் இரண்டையும் கலந்தால் முதலில் மறைவது உண்மைதான்.

நிம்ராட் அறிக்கைக்குப் பின் பிரிட்டன் செய்த மாற்றங்களில் முதன்மையானது, 2010 ஏப்ரலில் தொடங்கிய படைத்துறை வான்பறப்பு ஆணையம். விமானங்களை இயக்கும் பிரிவுகளுக்கு வெளியே நின்று அவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதற்குத் தரப்பட்டது. அதனோடு, ஒவ்வொரு விமான வகையின் பாதுகாப்புக்கும் பெயர் குறித்த அதிகாரி ஒருவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்க வேண்டும், ஆபத்து தாங்கத்தக்க அளவைக் கடந்ததாக அவர் கருதினால் பறப்பையே நிறுத்தலாம் என்ற ஏற்பாடும் வந்தது. குழுக்களுக்குள் கரைந்துபோயிருந்த பொறுப்பை மறுபடி ஒரு மனிதரின் மேசைக்குக் கொண்டுவரும் முயற்சி இது. ஹாடன்-கேவ் வலியுறுத்திய இன்னொரு கருத்து, கேள்வி கேட்கும் பண்பாடு: எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டும் ஆவணத்தைப் படிப்பவர், இது உண்மையாக இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று கேட்பதைத் தன் கடமையாகக் கொள்வது.

அந்தப் பண்பாட்டின் விலை என்ன என்பது 2014 ஏப்ரலில் தெரிந்தது. பிரிட்டிஷ் விமானப்படை, பள்ளி மாணவர்களான பயிற்சிப் படையினர் பறக்கக் கற்கும் வைக்கிங், விஜிலன்ட் வகைக் கிளைடர்கள் அனைத்தையும், அவற்றின் பறப்புத் தகுதி குறித்த ஐயங்களால் ஒரே முடிவில் தரையில் நிறுத்தியது. அந்த முடிவுக்கு முன் பேரழிவு எதுவும் நேரவில்லை. சில வாரங்களில் தீரும் என்று எண்ணிய நிறுத்தம் ஆண்டுகளாக நீண்டது. வைக்கிங்குகள் சிறிது சிறிதாகவே திரும்பின, விஜிலன்ட் 2018இல் முற்றிலுமாக ஓய்வு பெற்றது. பறக்கும் ஆசையோடு சேர்ந்த மாணவர் தலைமுறை ஒன்றின் பெரும்பகுதி அந்தக் கிளைடர்களில் ஏறாமலே வயது கடந்து வெளியேறியது. பெற்றோரும் தன்னார்வப் பயிற்சியாளர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கோபப்பட்டார்கள், அவர்களின் கோபத்தில் நியாயமும் இருந்தது. பராமரிப்பை அவ்வளவு காலம் சீர்கெட விட்டது யார் என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியை, எல்லாக் கிளைடர்களும் முழுதாகத் தரையில் நிற்க, யாருடைய இறுதிச் சடங்கும் நடக்காத நிலையில் கேட்க முடிந்தது.